வண்டியை ஓரங்கட்டு

(நாமக்கல்லில் மாணவர்களும் தோழர்களும் கூடிய ஒருநாள் சட்டப் பயிலரங்கில் பேசியது. பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



நான் வக்கீல் இல்லை. வங்கியில் எழுத்தர். கவிதையும் எழுதுவேன். சட்டம் பத்திப் பேச இவனை எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு சிலர் நினைக்கலாம். வவுச்சர் இல்லாம ஒரு ரூபாய்கூட இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகராத இடத்தில் வேலை பார்க்கிறேன். யார் உத்தரவு, யார் கையெழுத்து, நகல் எங்கே என்று கேட்டே பழகிவிட்டேன். அந்தக் கேள்விகளைத்தான் ரோட்டில் நிற்கிற அதிகாரத்தைப் பார்த்தும் கேட்கப் போகிறேன்.

நம்ம ஊரில் ரோடுதான் பிழைப்பு. சங்ககிரி லாரி, நாமக்கல் முட்டை வண்டி, திருச்செங்கோட்டு ரிக் வண்டி, பஞ்சாலைக்கு ஆளேற்றும் வேன், கட்டட வேலைக்கு மூணு பேராகப் போகிற டிவிஎஸ் எக்செல். அதனால் 'வண்டிய ஓரங்கட்டு' என்ற சொல்லைக் கேட்காத ஆள் இங்கே இருக்க முடியாது. அந்தச் சொல்லுக்கு நமக்கு இன்னொரு அர்த்தமும் தெரியும். அது இருக்கட்டும்.

முதல் கேள்வி, நிறுத்தச் சொல்ல யாருக்கு அதிகாரம்? 1988 மோட்டார் வாகனச் சட்டம் 132ஆம் பிரிவு, வண்டி விபத்தில் சம்பந்தப்பட்டிருந்தால், சீருடையில் இருக்கிற, உதவி ஆய்வாளருக்குக் குறையாத அதிகாரி கேட்டால் ஓட்டுநர் நிறுத்த வேண்டும் என்கிறது. 130ஆம் பிரிவின்படி சீருடையில் இருக்கிற எந்தப் போலீஸ்காரரும், கான்ஸ்டபிள் உட்பட, லைசென்ஸைக் கேட்டுப் பார்க்கலாம். ஆர்.சி., இன்சூரன்ஸ் கேட்கவும் பிரிவுகள் இருக்கின்றன. செல்போனில் டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும். லைசென்ஸ் இல்லை, வயசு பத்தலை, வண்டி பதிவு செய்யலை, பர்மிட் இல்லை என்றால் 207ஆம் பிரிவின்படி வண்டியைப் பிடித்து வைக்கலாம். சில சமயம் வண்டிக்குப் பதிலாக ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு ரசீது கொடுக்கவும் அதே பிரிவு சொல்கிறது. குடித்திருக்கிறார் என்று சந்தேகம் வந்தால் 203ஆம் பிரிவின்படி ஊதச் சொல்லலாம்.

இவ்வளவுதான் விஷயம். பையைத் திற, சட்டைப் பையைக் காட்டு, சீட்டைத் தூக்கு, செல்போன் லாக்கை எடு என்று வழிப்போக்கனிடம் சொல்ல இந்தச் சட்டம் போக்குவரத்துக் காவலருக்கு அதிகாரம் தரவில்லை. வண்டிச் சாவியைப் பிடுங்கலாம் என்றும் எங்கேயும் எழுதவில்லை. ஆனால் ஓமலூரிலிருந்து பரமத்திவேலூர் வரைக்கும் முதலில் நடப்பது சாவியைப் பிடுங்குவதுதான்.

அப்படியானால் பையைத் திறக்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? வேறு சட்டங்களிலிருந்து. குற்ற விசாரணை நடக்கும்போது தேட வேண்டுமென்றால், காரணத்தை முன்கூட்டியே எழுத்தில் பதிய வேண்டும். அதன் நகல் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 165ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 185. கைது செய்த ஆளைச் சோதிக்கலாம். கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதிக்கணும். போதைப்பொருள் என்றால் 1985ஆம் வருஷச் சட்டம் வண்டியை நிறுத்தித் தேட விரிவான அதிகாரமே கொடுக்கிறது. ஆனால் ஆளின் உடம்பைச் சோதிக்கும் முன், 'கெஜடட் அதிகாரி முன்னாலோ மாஜிஸ்திரேட் முன்னாலோ சோதிக்கக் கேட்கும் உரிமை உனக்கு உண்டு' என்று சொல்லியாக வேண்டும். 50ஆம் பிரிவு அது. 1999இல் பல்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இதை உறுதியாகச் சொன்னது. இதில் ஒரு ஓட்டையும் உண்டு: கையில் இருக்கிற பை உடம்பில் சேராது என்று 2005இல் பவன் குமார் வழக்கில் சொல்லிவிட்டார்கள். பையில் எதையாவது போட்டுவிட்டு எடுத்துவிடுவார்களோ என்று நம்ம பையன்கள் பயப்படுவதற்கு இங்கே ஒரு காரணம் இருக்கிறது.

மதுவிலக்குச் சட்டம் இன்னொன்று. அது நம்ம மண்ணிலேயே ஆரம்பித்த கதை. 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி அரசு மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். நாமக்கல், தருமபுரியெல்லாம் அன்றைக்கு சேலத்துக்குள்தான். குடி கெடுதல், ஒத்துக்கறேன். நம்ம சேரிகளை அது அரித்திருக்கிறது, அதையும் ஒத்துக்கறேன். ஆனால் சட்டம் வந்ததும் பானையைத் திற, மூட்டையைப் பிரி என்கிற அதிகாரமும் கூடவே வந்தது. அந்த அதிகாரம் எந்தத் தெருவுக்கு முதலில் போகும் என்று இந்தக் கூட்டத்தில் விளக்க வேண்டியதில்லை. அந்த 1937ஆம் வருஷச் சட்டம் திருத்தங்களோடு இன்னமும் உயிரோடு இருக்கிறது. கடையில் விற்பதும் அரசு, கடத்துகிறாயா என்று மடக்குவதும் அரசு.

2021 ஜூன் மாதம் இரண்டும் மோதின. கொரோனா ஊரடங்கு. சேலம், நாமக்கல் உட்பட 11 மாவட்டங்களில் டாஸ்மாக் மூடல். பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் கடை திறந்திருந்தது. இடையப்பட்டியைச் சேர்ந்த ஒரு கடைக்காரர் நண்பர்களோடு பைக்கில் அங்கே போய்விட்டுத் திரும்பினார். பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் மடக்கினார்கள். வாக்குவாதம். ஒரு சிறப்பு உதவி ஆய்வாளர் லத்தியால் அடிக்கிற வீடியோவை நாம் எல்லோரும் பார்த்தோம். ரோட்டில் விழுந்து கிடக்கிறார், நண்பர்கள் விட்டுடுங்க சார் என்று கெஞ்சுகிறார்கள். மறுநாள் செத்துப்போனார். அடித்தவர் கைதானார், கொலை வழக்கு ஆனது. அவர் என்ன சாதி என்று நான் இங்கே கேட்கப் போவதில்லை. 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடிப் பக்கம் ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன பைக்கை ஆய்வாளர் துரத்தி எட்டி உதைத்ததில் பின்னால் இருந்த பெண் செத்தாரே, அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் போடாததற்கு அபராதம் உண்டு. உதைக்கப் பிரிவு கிடையாது.

'சோதனை' என்ற சொல்லுக்கு இன்னும் பெரிய கணக்கு வாச்சாத்தியில் இருக்கிறது. 1992 ஜூன் 20, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் மலைக்கிராமத்துக்குள் போனார்கள். 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். 2011இல் 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. அதற்குள் 54 பேர் செத்திருந்தார்கள். 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. ஒரு சோதனைக்கு ஒப்புகைச் சீட்டு கிடைக்க 31 வருஷம்.

எனக்குத் தெரிந்த ஒரு சமாச்சாரம். எங்கள் பக்கத்துப் பறைக்குழுப் பையன்கள் இரண்டு பேர், நிகழ்ச்சி முடிந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் வருகிறார்கள். ஊர் பேர் வேண்டாம். லைசென்ஸ் சரி, ஆர்.சி. சரி, ஹெல்மெட்டும் இருக்கு. 'மூட்டையில என்னடா?' பிரித்தார்கள், பறை. அதற்கப்புறம் கேள்வி மாறிவிட்டது. 'எந்த ஊரு? ஊருக்குள்ளயா, காலனியா?' லைசென்ஸில் முகவரி இருக்கிறது, அதைப் படிக்கத் தெரியாமல் கேட்கவில்லை. பிறகு, 'அடி பாக்கலாம், கேப்போம்' என்றார்கள். பையன் அடித்தான். லாரிக்காரர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பணம் பிடுங்கவில்லை, கை வைக்கவில்லை. 'ஒன்னுமே பண்ணலீங்கண்ணா, அடிக்கச் சொன்னாங்க, அடிச்சோம்'னு சொன்னான். அந்த 'ஒன்னுமே' எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

இதை எந்தப் பிரிவில் எழுதுவது? சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருந்தால் வன்கொடுமைச் சட்டம் 3(1) எஸ் வரும். பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தால் 3(1) ஆர். நெடுஞ்சாலையைவிடப் பொதுப்பார்வை எங்கே இருக்கிறது? நான் ஆர் பிரிவில் எழுதலாம் என்றேன். வக்கீல் தோழர் ஒருவர், நோக்கத்தை நிரூபிக்கணுமே என்றார். அவர் சொல்வது சட்டம். பையன் வேண்டாம் என்றான். அவன் தினமும் அந்த ரோட்டில்தான் போய்வர வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் வெளியே போய் வரலாம். 1966இல் அமெரிக்காவில் ஓக்லண்டில் கறுஞ்சிறுத்தைகள் தொடங்கினார்கள். அவர்கள் பேரைத்தான் 1972இல் பம்பாயில் நம்ம தலித் பேந்தர்ஸ் எடுத்துக்கொண்டார்கள். சிறுத்தைகள் செய்த முதல் வேலை, போலீஸ் வண்டி பின்னாலேயே போவது. கறுப்பரை மடக்கினால் கொஞ்சம் தள்ளி நின்று சட்டப் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பது. கையில் துப்பாக்கியும் வைத்திருந்தார்கள், அங்கே அது அப்போது சட்டப்படி சரி. அடுத்த வருஷமே கலிபோர்னியா அந்தச் சட்டத்தை மாற்றிவிட்டது. 1979இல் பிரவுஸ் வழக்கில், சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் லைசென்ஸ் பார்க்க என்று ஒரு காரை மட்டும் இஷ்டத்துக்கு மடக்கக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கிலாந்தில் 1981 பிரிக்ஸ்டன் கலவரத்துக்குப் பின்னணியே தெருச் சோதனைதான். 1984இல் அங்கே வந்த சட்டம், நியாயமான சந்தேகம் வேணும், சோதனையைப் பதிவேட்டில் எழுதணும், கேட்டால் நகல் தரணும் என்றது. அங்கேயும் கறுப்பரை நிறுத்துவது நின்றுவிடவில்லை. ஆனால் எத்தனை பேரை நிறுத்தினார்கள் என்று எண்ணிக் காட்டக் காகிதம் இருக்கிறது.

நமக்கு அந்தக் காகிதமே இல்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. சட்டவிரோதமான சோதனையில் கிடைத்த பொருளை அந்த ஒரு காரணத்துக்காகவே நீதிமன்றம் ஒதுக்காது. 1973இல் பூரண்மல் வழக்கில் சொன்னது அது. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள், கொண்டாடினோம். ஆனால் மூட்டையைப் பிரித்த கைக்கு அதனால் என்ன நஷ்டம் வந்தது? போதாததற்குப் புதிய சன்ஹிதாவின் 172ஆம் பிரிவு, போலீஸின் சட்டபூர்வமான உத்தரவை மறுத்தால் பிடித்து வைக்கலாம் என்கிறது. 'சட்டபூர்வமான' என்ற சொல்லை நாமக்கல் பைபாஸில் ராத்திரி பதினோரு மணிக்கு யார் தீர்மானிப்பார்?

அதனால் தோழர்களே, 'உன் உரிமையை அறி' என்று கார் வைத்திருப்பவர்களுக்காக எழுதின துண்டறிக்கைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. போலீஸிடம் பிரிவு எண் சொல்லு என்கிறார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் சொன்னால் 'சார் படிச்சவர்' ஆகிறார். நம்ம பையன் சொன்னால் 'என்னடா சட்டம் பேசறயா'. ரோட்டில் சட்டம் பேசாதே, அடி வாங்காமல் வீட்டுக்கு வா. நான் இதைக் கோழைத்தனம் என்று நினைக்கவில்லை. சட்டம் பேச வேண்டியது மறுநாள் காலையில், எழுத்தில்.

எழுதணும்னா முதல்ல பார்க்கணும். பெயர்ப் பட்டையில் என்ன பேர், தோளில் எத்தனை நட்சத்திரம், வண்டி நம்பர், மணி, பக்கத்தில் எந்தப் பெட்ரோல் பங்க். கைது செய்யும் அதிகாரி பெயர் தெரியும்படி இருக்கணும் என்று 1996 டி.கே.பாசு தீர்ப்பே சொல்கிறது. எதையாவது எடுத்தால் ரசீது கேளுங்க, 'வீட்ல கேப்பாங்க சார்' என்று பணிவாகவே கேளுங்க. இப்போ தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யணும் என்று சன்ஹிதா 105ஆம் பிரிவு கட்டாயம் ஆக்கியிருக்கிறது. அந்தப் பதிவு எங்கே என்பதுதான் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனால் அங்கே கேமரா இருக்கணும், பதிவை ஒரு வருஷத்துக்குக் குறையாமல் வைத்திருக்கணும் என்பது 2020 டிசம்பர் உச்ச நீதிமன்ற உத்தரவு. சாவடிக் கேமராவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, அதனால் மறுநாளே மனு போடுங்க. புகார் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கு, அப்புறம் மாஜிஸ்திரேட்டுக்கு. மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருஷத்துக்குள்.

இரண்டாவது வேலை மாணவர்களுக்கு. ஆளுக்கு ஒரு நோட்டு. உங்க காலனியில் யாரை எங்கே நிறுத்தினார்கள், என்ன கேட்டார்கள், எதைத் திறந்தார்கள், ரசீது கொடுத்தார்களா. 'ஊரா, காலனியா' என்று கேட்டார்களா என்பதற்குத் தனிக் கட்டம். ஆறு மாசம் எழுதுங்க. வங்கிப் பேரேடு மாதிரி, அடித்தல் திருத்தல் இல்லாமல். அரசாங்கம் வைக்காத பதிவேட்டை நாம் வைப்போம். அந்தப் பறைப் பையன் மனு எழுத மாட்டேன் என்றான், ஆனால் நோட்டில் எழுத ஒத்துக்கொண்டான். முதல் வரி அவனுடையது.

கட்டம் போட்ட தாள் பின்னால் மேசையில் இருக்கிறது. நூறு படி எடுத்து வந்தேன். ராசிபுரம், ஆத்தூர் பக்கம் போகிறவர்கள் கூடுதலாக எடுத்துக்கோங்க.