இளைஞர் நலன்: நம் அனைவரின் அமானிதம்

 

அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதங்களுள் நம் பிள்ளைகள் தலையாயவர்கள். யாழ்ப்பாணத் தீவகத்தில் அந்த அமானிதத்தை எவ்வாறு பேணப்போகிறோம் என்பதே இன்றைய உரையின் பொருள்.

1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் தாயகம் இழந்தனர். பெருந்தொகையினர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னரும், 2009இல் போர் முடிந்த பின்னரும் ஒரு பகுதியினர் திரும்பினர். ஆயினும் தொழிலுக்காக வாப்பா வடக்கிலும், படிப்புக்காகப் பிள்ளைகளும் உம்மாவும் புத்தளத்திலும் எனப் பிரிந்து வாழும் குடும்பங்கள் உள்ளன. மண்கும்பானிலும் நயினாதீவிலும் பள்ளிவாசல்கள் உள்ளன. ஆனால் கட்டடம் நிற்பது மட்டும் போதாது. அதைச் சூழக் குடும்பங்கள் தழைக்க வேண்டும்.

நயினாதீவு இளைஞன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். சாதாரண தரத்துடன் அவனது படிப்பு நின்றுவிட்டது. உம்மா நோயாளி. தம்பி பாடசாலைக்கு ஒழுங்காகச் செல்வதில்லை. இவனுக்குத் தொழிற்பயிற்சி ஓரிடத்தில்; உம்மாவுக்கு மருத்துவம் வேறிடத்தில்; தம்பியைப் பற்றிப் பேச மற்றோர் அலுவலகம். ஒவ்வொன்றுக்கும் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பேருந்தில் வேலணைக்கோ யாழ்ப்பாணத்திற்கோ செல்ல வேண்டும். ஒவ்வொரு பயணத்திற்கும் ஒரு நாட்கூலி போய்விடும். இரண்டு முறை சென்றவன் மூன்றாம் முறை செல்வதில்லை. நெடுந்தீவிலிருந்து வருவோர்க்குக் கடல்வழி இன்னும் நீண்டது. சேவைகள் இல்லாமையால் அன்று, அவை ஒன்றோடொன்று இணையாமையாலேயே அக்குடும்பம் கைவிடப்படுகிறது.

அன்பர்களே! மக்காவைத் துறந்து மதீனா வந்த முஹாஜிர்களை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பொதுவான அனுதாபத்தோடு விட்டுவிடவில்லை. இன்னாருக்கு இன்னார் சகோதரர் என அன்ஸார்களுடன் ஒவ்வொருவராக இணைத்துவைத்தார்கள். பள்ளிவாசலின் திண்ணையில் ஏழைத் தோழர்கள் தங்கிக் கற்றார்கள். கலந்தாலோசித்தலைக் குறிக்கும் ஷூறா என்னும் சொல் திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்திற்கே பெயராயிற்று. நமக்குரிய வழிகாட்டல் இதில் இருக்கிறது.

ஆகவே பள்ளிவாசல் நிர்வாகமும், பாடசாலை அதிபரும், கிராம அலுவலரும் ஓரிடத்தில் அமரட்டும். இளைஞர் சேவை, சிறுவர் உரிமை, குடும்பநலம், தொழிற்பயிற்சி ஆகிய துறைகளின் உத்தியோகத்தர்கள் மாதத்தில் ஒரே நாளில், படகு நேரத்தை அனுசரித்துத் தீவுக்கு வருமாறு வேண்டுவோம். ஒவ்வொரு குடும்பத்திற்கும் பொறுப்பாளர் ஒருவரை நியமிப்போம். பயணச் செலவுக்கு வழியில்லாதவர்க்கு ஸதக்கா நிதி உதவட்டும். குடும்பத்தின் இரகசியம் கூட்டத்தில் பேசப்படலாகாது, மானமும் அமானிதமே. மூன்று மாதம் கழித்து, எவர் விடுபட்டார் என்று கேட்போம்.

இது நமக்கு மட்டுமான திட்டமாகவும் அமையலாகாது. நம் இந்து, கத்தோலிக்க அயலவரின் பிள்ளைகளும் அதே படகில்தான் பயணிக்கிறார்கள். ஒன்றாகக் கேட்டால் குரலுக்கு வலிமை உண்டு. நீண்ட பிரிவின் வடுவும் மெல்ல ஆறும்.

பெற்றோர்களே! பிள்ளைக்காக முடிவெடுக்குமுன் பிள்ளையிடம் கேளுங்கள். அந்த ஆலோசனைச் சபையில் இளைஞருக்கும் தாய்மாருக்கும் இடம் கொடுங்கள். இளைஞர்களே! உதவி பெறுவோராக மட்டும் இருந்துவிடாதீர்கள். பெயர்ப்பட்டியல் எழுதவும், முதியவரைப் படகில் கைபிடித்து ஏற்றவும் உங்களால் முடியும். தனிமையும் மனச்சோர்வும் வாட்டினால் வாய்திறந்து சொல்லுங்கள்; தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கமும், சிறுவர் பாதுகாப்புக்கான 1929 என்னும் இலக்கமும் அதற்காகவே உள்ளன.

வரும் ஜும்ஆவுக்குப் பின் பத்து நிமிடம் பள்ளியில் தங்குங்கள். நம் தீவில் படிப்பையோ தொழிலையோ இழந்து நிற்கும் இளைஞர் யார் யார் என்ற முதல் பட்டியலை அன்றே எழுதுவோம்.

யா அல்லாஹ்! சிதறிய எங்கள் குடும்பங்களை ஒன்றுசேர்ப்பாயாக! எங்கள் இளைஞரைப் பயனுள்ளோராக்குவாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.