நீரிழிவும் மூத்திரப் பை நோயும்

ஏரியூர்ப் பெரியோர்களே, பஞ்சாயத்து உறுப்பினர்களே!

வீட்டு முதியவர் திடீரென்று நினைவு தடுமாறி, உணவு மறுத்துச் சோர்ந்து கிடந்தால், வயதின் கோலம் என்று நாம் விட்டுவிடுகிறோம். அவர் நீரிழிவு உள்ளவராயின் அவ்வாறு விடலாகாது. மூத்திரப் பையில் கிருமி முற்றியிருக்கக்கூடும். இளையோர்க்குக் காணும் எரிச்சலும் காய்ச்சலும் முதியோரிடம் பல வேளை தோன்றுவதில்லை.

வெல்லக் கரைசல் புளித்து நுரைப்பதை நாம் அறிவோம். சர்க்கரை மிகுந்த உடலில், குடற்கிருமிகள் மூத்திரப் பையின் சுவரிலேயே அவ்வாறு புளிப்பேற்றி வாயுவை உண்டாக்குவதும் உண்டு. இஃது அரிதே, எனினும் கிருமி சிறுநீரகத்திற்கு ஏறி இரத்தத்திற் கலந்தால் உயிருக்கே ஆபத்து. பெண்களுக்கே இந்நோய் மிகுதி. காட்டு வேலையில் மறைவிடமின்றி அவர்கள் சிறுநீரை அடக்குவதும், அதற்கஞ்சித் தண்ணீர் பருகாதிருப்பதும் கேட்டைப் பெருக்கும். கழிப்பிடம் அமைப்பது பஞ்சாயத்தின் கடமையன்றோ?

அண்டை மாவட்டமாகிய கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவு மாத்திரையை வீட்டு வாயிலுக்கே கொணர்ந்தது. அதனை முதியவர் உட்கொள்கிறாரா என்று பார்ப்பது வீட்டாரின் பொறுப்பு.

தடுமாற்றம் கண்ட அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று, சிறுநீரையும் இரத்தச் சர்க்கரையையும் சோதிக்கச் செய்யவேண்டும். சர்க்கரை மிகத் தாழ்ந்தாலும் நினைவு தடுமாறும். கிருமிக்கு டாக்டர் தரும் மருந்தை, குணம் கண்டதென்று இடையில் நிறுத்தாமல் குறித்த நாள்வரை கொடுத்துவர வேண்டும்.