நெடுஞ்சொல்லும் நாவும்



திருப்பூர் இராயபுரத்தில் நான் பாடம் சொல்லிய நாளில், ஒரு மாணவன் 'நூற்பாலைத்தொழிலாளர்' என்னும் சொல்லை உரக்கப் படிக்க நேர்ந்தது. 'நூற்' என்று தயங்கி நின்றான்; பின்னர்ப் 'பாலைத்தொழிலாளர்' என்றான். பாலைநிலத்தில் ஏது தொழிலாளர் என்று வகுப்பு நகைத்தது. நானும் நகைத்தேன். அவன் தந்தையோ நூற்பாலையில் உழைப்பவர். அன்று தொட்டு அவன் படிக்க எழவில்லை. பிழை அவனுடையதன்று, நெடுஞ்சொல்லைப் பிரிக்கக் கற்பியாத என்னுடையது.

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. ஒல்லாந்தராகிய டச்சுக்காரர் சொற்களை ஒட்டி நீட்டுவதில் வல்லவர். 1602இல் அவர்கள் நிறுவிய வணிகக் கழகத்தின் பெயரில் 'ஓஸ்ட்இன்டிஸெ' என்றொரு சொல் உண்டு. 'ஓஸ்ட்' என்பது கிழக்கு; 'இன்டிஸெ' என்பது இந்தியாவுக்குரியது. பொருள் பொருந்தும் மூட்டில் ஓஸ்ட்-இன்-டி-ஸெ என்றே பிரிப்பர். ஓஸ்-டின் எனப் பிரியார்.

1658 முதல் 1781 வரை நாகப்பட்டினமும், 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கையில் இருந்தன. அவர்தம் சொற்கள் சில தமிழில் கலந்தன. அலுவலகத்தைக் குறிக்கும் 'கன்டோர்' ஈழத்தில் 'கந்தோர்' ஆயிற்று. ரகரமெய் தமிழ்ச்சொல்லின் ஈற்றில் நிற்கும். ஆதலின் அங்கே மாறுதல் இல்லை. வழக்கறிஞரைக் குறிக்கும் 'அட்வோகாட்' என்பதோ 'அப்புக்காத்து' ஆயிற்று. வல்லின மெய் ஈற்றில் நில்லாமையால் உகரம் துணைவந்தது. டகரமெய்யும் வகரமும் நம் நாவில் இணங்காமையால் 'ப்பு' என்றாயின. ஆயினும் 'கா' என்னும் நெடில் குறுகவில்லை. அசைகளை நாவுக்கு இசைவித்தவர் புலவரல்லர், பொதுமக்களே.

ஆகவே, நெடுஞ்சொல்லைக் கண்டு அஞ்சற்க. முதலில் பொருளின் மூட்டைக் காண்க: நூற்பு, ஆலை, தொழிலாளர். அடுத்து, ஒலியின் அசைகளைச் சொல்லுக: நூற்-பா-லைத்-தொ-ழி-லா-ளர். இங்கே ஒன்றை நினைவிற் கொள்க. செய்யுளில் 'தொழி' ஒரே நிரையசை. பேச்சிலோ அது தொ, ழி என ஈரொலியாகும். யாப்பின் அசை வேறு, ஒலிப்பின் அசை வேறு. இறுதியில், நெடிலைக் குறுக்காமல், இடையில் நில்லாமல், ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லுக.

மறுவாரம் அச்சொல்லைக் கரும்பலகையில் இவ்வாறே பிரித்தெழுதினேன். நகைத்தமைக்காக அம்மாணவனிடம் வகுப்பறிய வருத்தம் தெரிவித்தேன். அனைவரும் சேர்ந்து ஒலித்தோம். பிறகு அவனே எழுந்து, தன் தந்தையின் தொழிற்பெயரைத் தடையின்றிப் படித்தான். அன்று எவரும் நகைக்கவில்லை.