எபிசோட்: பத்து மாட்டுக்கு எத்தனை பேட்டரி?

போன எபிசோடுல வீட்டு மாடி சோலார் பத்தி பேசினோம். கேட்டுட்டு எங்க சித்தப்பா போன் பண்ணாரு. திருநின்றவூர்ல ஏரிக்கு அந்தப் பக்கம் பத்து கறவை மாடு வச்சிருக்காரு. "டேய், ஒருத்தர் கொட்டேஷன் குடுத்திருக்காரு, 16 பேட்டரி போடணுமாம். சித்தி செயினை அடகு வைக்கலாம்னு இருக்கேன், சரியான்னு பார்த்துச் சொல்லு" அப்படின்னாரு. பேட்டரி மட்டுமே ரெண்டு லட்சத்தைத் தாண்டுது. ஞாயித்துக்கிழமை காலைல ட்ரெயின் ஏறிட்டேன்.

அவர் பயத்துக்குக் காரணம் இருக்கு. 2016 டிசம்பர் 12, வர்தா புயல். கரண்ட் போய், நாள்கணக்குல கையாலதான் கறந்தாங்க. கறவை தள்ளிப்போனா மடியில பால் கட்டி மடிநோய் வரும். மாடு லீவு எடுக்காது.

திருநின்றவூர்னா பூசலார் நாயனார் ஊர். கையில காசு இல்லாம, கல்லு மரம் எல்லாத்தையும் மனசுலயே சேர்த்து, மனசுலயே கோயில் கட்டினவர். நாங்களும் முதல்ல அப்படித்தான் ஆரம்பிச்சோம்: செலவில்லாம, ஒரு பழைய காலண்டர் தாளுக்குப் பின்பக்கம்.

முதல் கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை யூனிட்? அவருக்குத் தெரியல. தமிழ்நாட்டுல 1990-லிருந்து விவசாய பம்புக்கு கரண்ட் இலவசம். பில் வராத மோட்டார் எவ்வளவு குடிக்குதுன்னு யார் பார்ப்பாங்க? பழைய மோட்டார், ரெண்டு தடவை காயில் கட்டினது. பெயர்ப்பலகைல இருக்கிற ஹெச்பி-யை நம்பாம, கிளாம்ப் மீட்டர் வச்சு ஆம்பியர் அளந்தோம்.

2 ஹெச்பி போர் பம்பு, மூணு மணி நேரம், 6 யூனிட். தீவனம் நறுக்குற சாஃப் கட்டர் 1 யூனிட். பால் கறக்கும் மெஷின் 1 ஹெச்பி, ஓடும்போது ஒரு கிலோவாட்; காலை முக்கால் மணி, மத்தியானம் முக்கால் மணி, ஆக 1.5. கொட்டகையில ராத்திரி ஓடுற ரெண்டு ஃபேன் 1.5, லைட் அரை யூனிட். மொத்தம் பத்தரை.

இதை மொத்தமா பேட்டரில ஓட்டணும்னா? இன்வெர்ட்டர்ல 15 சதவீதம் வீணாகும். லெட் ஆசிட் பேட்டரியை பாதிக்கு மேல காலி பண்ணா சீக்கிரம் செத்துடும். பத்தரையை 0.85-ஆல, அப்புறம் 0.5-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 25 யூனிட். ஒரு 12 வோல்ட் 150 ஏ.ஹெச் பேட்டரில இருக்கிறது 1.8. பதினாலு வேணும், 48 வோல்ட் செட்டுக்கு நாலு நாலா அடுக்கணும், அதனால 16. கொட்டேஷன் குடுத்தவர் கணக்கு தப்பில்லைங்க. கேள்விதான் தப்பு.

சூரியன் இல்லாதப்ப எது ஓடியே ஆகணும்? இதைத்தான் கேட்டிருக்கணும். தண்ணிய ராத்திரி இறைக்க வேண்டாமே. பத்து மாட்டுக்குக் குடிக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 1,500 லிட்டர் போதும். 5,000 லிட்டர் தொட்டி ஒண்ணு மேல ஏத்தி, கரண்ட் இருக்கும்போது ரொப்பி வச்சா மூணு நாள் தாங்கும். அந்தத் தொட்டியே ஒரு பேட்டரிதான். வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்துல தர்ற சோலார் பம்புலயும் பேட்டரி கிடையாது; வெயில் அடிக்கும்போது இறைக்கும், அவ்வளவுதான். தீவனமும் அப்படியே. ஈபி கரண்ட் இருக்கும்போது ரெண்டு நாளுக்கு நறுக்கி வச்சுக்கலாம்.

மிச்சம் என்ன? விடிகாலை கறவை 0.75, ஃபேன் 1.5, லைட் 0.5. ஆக 2.75 யூனிட். அதே மாதிரி வகுத்தா ஆறரை. நாலு பேட்டரில 7.2 இருக்கு. பதினாறு எங்க, நாலு எங்க!

லித்தியம்னா 5 யூனிட் பெட்டி ஒண்ணு போதும், ஏன்னா அதை 80 சதவீதத்துக்கு மேல காலி பண்ணலாம். முதல்ல விலை அதிகம், ஆயுசும் அதிகம். சித்தப்பா லெட் ஆசிட்தான் எடுத்தாரு. பழுதானா பக்கத்துலயே ஆள் இருக்காங்கன்னு காரணம் சொன்னாரு. நான் மறுத்துப் பேசல.

பேனல்? நம்ம பக்கம் 1 கிலோவாட் பேனல் சராசரியா நாளைக்கு 4 யூனிட் தரும். பேட்டரிக்கு சார்ஜ் இழப்பும் சேர்த்து 4, மத்தியான கறவைக்கு 1. மேகத்துக்கும் இடம் விட்டு 2 கிலோவாட், தெற்கு பார்த்து, 13 டிகிரி சாய்வுல.

இன்வெர்ட்டர்ல ஒரு பொறி இருக்கு. ஓடும்போது 1 கிலோவாட் எடுக்கிற மோட்டார், ஸ்டார்ட் ஆகும்போது அஞ்சாறு மடங்கு இழுக்கும். அந்த நொடிக்காக 5 கேவிஏ போட்டோம். ரெண்டு ஹெச்பி சாஃப் கட்டரை இதுல மாட்டவே கூடாதுன்னு ப்ளக் மேல சிவப்பு பெயிண்டும் அடிச்சாச்சு.

அப்போ புயல் வந்தா? மழைல ஃபேன் தேவையில்ல. ரெண்டு கறவைக்கும் லைட்டுக்கும் சேர்த்து 2 யூனிட். வெயிலே வராட்டியும் ஒன்றரை நாள் ஓடும். அதுக்கு மேல போனா வாடகை ஜெனரேட்டர், இல்லன்னா கைதான். வருஷத்துல ரெண்டு மூணு நாளுக்காக பன்னெண்டு பேட்டரி வாங்கி வைக்கிறதுல அர்த்தமில்லைன்னு நான் நினைக்கிறேன்.

இன்னொண்ணு. பேட்டரிய தகர ஷெட்டுக்குள்ள வைக்க இருந்தாரு. 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் லெட் ஆசிட் பேட்டரி ஆயுசு ஏறக்குறைய பாதியாகும். மே மாசம் அந்த ஷெட்டுக்குள்ள நின்னு பார்த்தவங்களுக்குப் புரியும். இப்போ வேப்பமரத்து நிழல்ல, ஓடு போட்ட தீவன ரூம்ல, ஜன்னல் பக்கமா இருக்கு.

செயின் சித்தி கழுத்துலதான் இருக்கு. உங்க வீட்டுலயும் இப்படி ஒரு கொட்டேஷன் வந்திருந்தா, எது எப்போ, எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல சேர்ந்து கணக்குப் போடலாம்.