சீட்டுக்கு அடியில் ஒரு பாராங்



இளநீர்க்காரர் கையில் இருக்கும் பாராங் கத்தியை எந்தப் போலீஸ்காரரும் பறிப்பதில்லை. அது அவருடைய பிழைப்பு. அதே பாராங் நள்ளிரவில் ஒரு பையனின் மைவி காரில், சீட்டுக்கு அடியில், பழைய துண்டில் சுற்றிக் கிடந்தால்? அங்கேதான் மலேசியாவின் 1958ஆம் ஆண்டு ஆபத்தான ஆயுதச் சட்டம் குறுக்கே நிற்கிறது.

அதன் 6ஆவது பிரிவைக் கேளுங்கள். முறையான அனுமதியோ சட்டபூர்வமான நோக்கமோ இல்லாமல், காயம் விளைவிக்கக்கூடிய ஆயுதத்தைப் பொது இடத்தில் வைத்திருந்தாலே குற்றம். தம்பி, நீ யாரையும் வெட்டியிருக்க வேண்டாம், ஓங்கியிருக்கவும் வேண்டாம். தண்டனை 5 ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை சிறை. ரோத்தான் பிரம்படியும் விழலாம். "சும்மா ஒரு பாதுகாப்புக்கு வெச்சிருக்கேன் அங்கிள்" என்ற பதிலை நம்பி ரோட்பிளாக்கைத் தாண்டிவிடலாம் என்று நினைக்காதே.

வீடியோவுக்காகப் பொம்மைத் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டுகிறவர்களுக்கும் ஒரு சொல். அசலைப் போலிருக்கும் போலித் துப்பாக்கியையும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விட்டுவைக்கவில்லை.

2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. உறுப்பினர்களில் நம் இந்திய இனத்தவரே அதிகம் என்று கணக்கு வந்தபோது எத்தனை வீடுகள் தலைகுனிந்தன! செந்தூல் ரயில்வே பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டி நம்மைப் படிக்க வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த உறுப்பினர்கள். அதனால்தான் தைப்பூசத்தில் பாராங் ஏந்தி ஆடுவதையும் நான் ஏற்கவில்லை. முனியாண்டி சாமியின் அருவாள் சன்னதியில் இருக்கட்டும். பிள்ளைகள் கூடும் தெருவில் அதற்கு வேலை இல்லை.

ஆயுதத்துக்குத் தடை வேண்டும், உறுதியாக வேண்டும். ஆனால் ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. கூலிக்கு வெட்டப் போகிறவனுக்கும், நண்பன் கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்ட 19 வயதுப் பையனுக்கும் குறைந்தபட்சம் அதே 5 ஆண்டா? முழுத் தண்டனையையும் அனுபவித்தால், வெளியே வரும்போது அவனுக்கு 24 வயது. குற்றப்பதிவோடு நிற்பவனுக்கு எந்த முதலாளி வேலை கொடுப்பார்? முதல் முறை சிக்கியவன், கும்பல் தொடர்பு இல்லாதவன் என்றால், தண்டனையைக் குறைக்கும் உரிமை நீதிபதிக்கு வேண்டும். இதை நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கேட்போம். மனு வாசலில் இருக்கிறது. தாய்மார்கள் முதலில் கையெழுத்திடுங்கள்.