வாளைப் படித்தல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் பேச அழைத்த செயலாளர் அவர்கள், "சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். பழைய வாள்களைச் சேர்ப்பதும் வாங்குவதும் பற்றிப் பேசுகிறேன் என்று நான் சொன்னதும் சற்றே தயங்கினார்கள். தமிழாசிரியைக்கும் வாளுக்கும் என்ன தொடர்பு என்னும் ஐயம் இயல்பானதே. என்னை வாளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது புறநானூறுதான் என்று சொன்ன பிறகே அவர்கள் முகம் தெளிந்தது.

புறநானூற்றின் தொண்ணூற்றைந்தாம் பாட்டை இந்த அவைக்கு நான் விளக்கவேண்டியதில்லை. நம் தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனது படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டுப் பாடியது அது. அங்கே படைக்கலங்கள் மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன. அதியமானுடையவையோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. பழிப்பதுபோலப் புகழ்தல் என்று வகுப்பிலே சொல்லிக் கடந்துவிடுகிறோம். பாட்டு வேலில் முடிகிறது, துறையோ வாண்மங்கலம். அந்தப் பொருத்தம் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். நான் இங்கே எடுத்துக்கொள்வது வேறொன்று. படைக்கலத்தின் மீதுள்ள தேய்மானத்தையும் முறிவையும் கண்டு, அது எங்கே இருந்தது, என்ன செய்தது என்று சொல்லிய முதல் தமிழ்ப் பார்வையாளர் ஔவையார். பளபளப்பு அவரிடம் எடுபடவில்லை. பழைய வாள் வாங்கப் புறப்படும் ஆர்வலர் எவரும் முதலில் அமர்ந்து படிக்கவேண்டிய பாடம் அதுவே என்பது என் கருத்து.

உலகில் வாளைப் படிக்கும் கலையை மிக நுட்பமாக வளர்த்தவர்கள் சப்பானியர். அவர்களுடைய வாளின் கைப்பிடியைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் ஒரு சிறு மூங்கில் ஆணி. அதைத் தட்டி எடுத்தால் கைப்பிடி கழன்று, உள்ளே மறைந்திருக்கும் இரும்புக் காம்பு வெளிப்படும். 'நகாகோ' என்பது அதன் பெயர். வாள் செய்த கொல்லன் தன் பெயரையும், சில வேளை ஊரையும் ஆண்டையும் செதுக்குவது அந்தக் காம்பின் மேல்தான். அலகைக் கல்லில் தீட்டி ஆடிபோல் ஒளிரச் செய்யும் அதே சப்பானியர், காம்பில் படிந்த துருவைத் தொடவே மாட்டார்கள். துருவின் நிறமும் ஆழமுமே காலத்தின் சான்று. துருவைத் துடைத்த காம்புடைய வாள் அறிந்தவர் நடுவே மதிப்பிழந்துவிடும். பெயர் பொறித்திருந்தாலும் உடனே நம்புவதில்லை. புகழ்பெற்ற கொல்லர் பெயரைப் போலியாக வெட்டுவது அங்கே பன்னூறாண்டுப் பழக்கம். ஆகவே முதலில் அலகைப் பார்த்து யார் செய்ததாக இருக்கலாம் என்று முடிவு செய்துவிட்டு, அதன் பின்னரே காம்பைத் திறந்து பெயரைப் பார்ப்பதைப் பயிற்சியாகவே வைத்திருக்கிறார்கள். பாடலாசிரியர் பெயரை மறைத்து வைத்துக்கொண்டு, நடையைக் கொண்டு இது கபிலரா பரணரா என்று நாம் ஆராய்வதைப் போன்றதே இது.

அவர்களும் இழந்தவர்களே. 1876இல் பொது இடங்களில் வாள் தரிக்கலாகாது என்று அவர்கள் அரசே ஆணையிட்டது. 1945இல் போரில் தோற்றபின் அமெரிக்கப் படை வாள்களைத் திரட்டி அழித்தது. எண்ணற்றவை வெளிநாட்டுப் படைவீரர் பைகளில் கடல் கடந்தன. எனினும் 1948இல் அங்கே வாள் பாதுகாப்புக்கென்று ஒரு சங்கம் தோன்றி, ஒவ்வொரு வாளையும் ஆய்ந்து சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. அவர்களால் அது முடிந்ததற்குப் பெருந்துணை, காம்பில் இருந்த அந்தப் பெயர்கள்.

இன்னொரு செய்தி. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்சிசென் நாட்டு யசுத்சுகு என்னும் கொல்லர், தொக்குகவா இயெயசுவின் ஆதரவில் வாள் செய்தவர். இயெயசுவின் பெயரிலுள்ள ஓர் எழுத்தையே தம் பெயரில் வைத்துக்கொள்ளும் பேறு பெற்றவர். தம் வாள்கள் பலவற்றின் காம்பில் 'நன்பன் இரும்பு கொண்டு செய்தது' என்று அவர் பொறித்திருக்கிறார். நன்பன் என்றால் அவர்கள் மொழியில் தெற்கிலிருந்து வந்த அநாகரிகர் என்று பொருள். நம் காதுக்கு நண்பன் என்றல்லவா விழுகிறது! ஐரோப்பியர் கப்பல்களில் வந்திறங்கிய இரும்பு அது. அதில் இந்திய இரும்பும் இருந்தது என்று கருதும் ஆய்வாளர் உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து ஒல்லாந்தர் இரும்பும் எஃகும் ஏற்றுமதி செய்த காலம் அதுதான். இரும்பு நம்முடையதாகவே இருந்திருந்தாலும், அதற்குப் பெயர் எழுதி வைத்தவர் அவர்.

இனி நம் கதைக்கு வருவோம். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாசி 1855இல் ஆண்வாரிசின்றி இறந்தார். அரண்மனைப் படைக்கலச் சாலையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த வாள், கட்டாரி, வேல், அங்குசம் எல்லாம் ஆங்கில அரசின் கைக்குப் போயின. சிறந்தவை சில சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. எஞ்சியவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. சென்னை மாகாண ஆட்சிப்பணியிலிருந்த வால்ஹவுசு என்னும் ஆங்கிலேயர் 1878இல் 'இந்தியன் ஆண்டிகுவரி' இதழில் தென்னிந்தியப் படைக்கலங்கள் பற்றி எழுதி வைத்தமையால் அதை நாம் அறிகிறோம். சென்னை எழும்பூரில் இன்றும் அந்தத் தஞ்சைக் கட்டாரிகளைப் பார்க்கலாம். பலவற்றில் அலகு ஐரோப்பிய வாளின் துண்டு. கைப்பிடி நம்மவர் வேலை. அதனதன் பிறப்பும் மறுபிறப்பும் அதனதன் உடம்பிலேயே இருக்கின்றன. ஆனால் செய்தவன் பெயர்? கைப்பிடியின் இரும்புக் கொடிகளை அப்படி உயிரோடு செதுக்கிய கம்மாளனுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் அல்லவா! தென்னாட்டு வாள்களில் அதைத் தேடுவோர் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

பழைய வாள் வாங்க விரும்புவோர் நம் அவையிலும் உண்டு என்று அறிவேன். அவர்களுக்குச் சில சொற்கள். கடையில் காட்டப்படும் 'முந்நூறு ஆண்டு வாள்' பெரும்பாலும் பழைய அலகும் புதிய கைப்பிடியும் சேர்ந்ததாகவோ, முழுவதுமே புதியதாகவோ இருக்கும். உருக்கு இரும்பின் நீரோட்டம் போன்ற வரிகளை அமிலம் தடவி மேற்பரப்பில் வரைந்துவிடுகிறார்கள். உண்மை வரி இரும்பின் உள்ளேயே இருப்பது. தேய்த்தால் மங்கும், மீண்டும் தோன்றும். வரைந்த வரி தேய்த்தால் போய்விடும். அதற்காகக் கடையில் நின்று தேய்த்துப் பார்க்காதீர்கள். நூறாண்டு கடந்த தொல்பொருளை விற்கும் வணிகர் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்றவராக இருத்தல் வேண்டும். தனியார் எவரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்புதல் கூடாது. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டமும் வாளைத் தன் எல்லைக்குள் வைத்திருக்கிறது. ஆகவே விசாரித்தபின் பணத்தை எடுங்கள்.

இவையெல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது நம் வீட்டுப் பரண்தான். மாணவர் ஒருவர் தம் பாட்டனார் வீட்டு வாள் ஒன்றை எனக்குக் காட்டினார். அதற்கு முந்தைய ஆயுத பூசைக்கு உப்புத்தாளிட்டுத் தேய்த்திருந்தார்கள். வெள்ளிபோல் மின்னியது. அலகின் அடியில் ஏதோ குறி இருந்ததற்கான பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டது, கண்ணுக்குத் தெரியவில்லை. கொல்லன் குறியா, பாளையக்காரர் முத்திரையா, யாரால் சொல்ல முடியும்? நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசவில்லை.

நம் மண்ணில் வாள் அரிதன்று. மேட்டூர்ப் பக்கத்துத் தெலுங்கனூரில், பெருங்கற்கால ஈமக்குழி ஒன்றிலிருந்து கிடைத்த இருபுறக் கூர்வாளைப் பற்றிய ஆய்வு 2020இல் வெளிவந்தது. அதன் காலம் கி.மு. 1435க்கும் 1233க்கும் இடைப்பட்டது என்று கணித்திருக்கிறார்கள். நம் நாகமரையைத் தொட்டு நிற்கும் அதே மேட்டூர் நீர்த்தேக்கத்தின் அக்கம்பக்கத்து மண் அது. அந்த வாள் இத்தனையும் சொன்னது, எவரும் அதைத் துடைத்துப் பளபளப்பாக்காமையால்.

சப்பானியர் பெயரைக் காம்பில் வெட்டினர். நாம் கல்லில் வெட்டினோம். பெயர், கொல்லனுடையதாக இன்றி, ஏந்தியவனுடையதாக இருக்கிறது. தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களைப் போய்ப் பாருங்கள். தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூலையும் புரட்டுங்கள். பல்லவ மன்னர் ஆட்சியாண்டு, வீரன் பெயர், அவன் வீழ்ந்த காரணம் எல்லாம் வட்டெழுத்தில் இருக்க, பக்கத்திலேயே அவன் கையில் வில்லும் வாளும். ஆண்டு குறித்த வாள் வடிவங்களின் வரிசை ஒன்று வயல் வரப்பிலே நின்றுகொண்டிருக்கிறது. ஒரு பழைய வாளை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை இவ்வட்டம் போன்ற அமைப்பு எளிதில் செய்யலாம்.

தொடங்குவதற்குப் பெரும்பொருள் வேண்டா. வரும் ஆயுத பூசைக்கு முன் நம் வீடுகளிலும் ஊர்க் கோயில்களிலும் உள்ள பழைய வாள்களின் நீளம், அகலம், எடை, கைப்பிடியின் அமைப்பு, குறிகள், யாரிடமிருந்து வந்தது என்று பெரியவர் சொல்லும் சொல், இவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி நிழற்படம் எடுத்துக்கொள்வோம். உப்புத்தாள், புளி, செங்கல்தூள் எதுவும் வேண்டா. தையல் எந்திர எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டுத் தடவினால் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகி அழுக்கைப் பிடித்து வைக்கும். கைப்பிடிக்குள் இருப்பதை விட்டுவிடுங்கள். குறிப்பேடு ஒன்றை நான் வாங்கி வந்திருக்கிறேன். செயலாளர் அவர்களிடம் தருகிறேன். முதல் பக்கத்தில் என் மாணவர் வீட்டு வாளை எழுதியிருக்கிறேன். குறி என்ற இடம் மட்டும் வெற்றாக இருக்கிறது.