குணம் என்பது யாது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் தமிழின் தொன்மையைப் பற்றியோ திருக்குறளைப் பற்றியோ பேசுவது வழக்கம். இவ்வாண்டு மனிதனுடைய ஆளுமை, அதன் தோற்றம், வகைகள், கோளாறுகள் ஆகியவற்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது நாம் தயங்கினோம். நாம் மருத்துவர் அல்லோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தோம். ஆயினும் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இருபது ஆண்டுகள் அமர்ந்திருப்பவர்க்கு மனித குணங்களைக் காணக் குறைவில்லை. சில்லறை இல்லை என்றதும் சீறுவோர் உண்டு. வண்டி கண்ணெதிரே புறப்பட்டுப் போயும் சிரித்துக்கொண்டே அடுத்த வண்டிக்கு நிற்போரும் உண்டு. அன்றியும், இப்பொருளில் நமக்கு ஒரு கடன் இருக்கிறது. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

ஆளுமை என்பது ஏடுகளின் சொல். வீட்டில் நாம் வழங்குவது குணம் என்னும் சொல்லே. ஒருவனுடைய இயல்பும் குணம். நோய் நீங்கி நலம் பெறுவதும் குணமாதல். இரண்டுக்கும் ஒரே சொல் வாய்த்திருப்பது இன்றைய பேச்சுக்கு மிகவும் பொருத்தம்.

நாம் குடியிருப்பது பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே. இங்கே குணத்தை மொழியைக் கொண்டு அளப்பது பெருவழக்கு. "மலையாளி கணக்குப் பார்ப்பவன்" என்று நம் வீட்டுத் திண்ணைகளில் பேசுவர். "பாண்டிக்காரன் முரடன்" என்று அவர்கள் வீட்டுத் திண்ணைகளில் பேசுவர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா, பாறசாலை உட்படக் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு அருகே கோடு விழுந்தது. கோட்டுக்கு இப்பால் அண்ணன், அப்பால் தம்பி என்று வாழும் குடும்பங்களை நாம் அறிவோம். அண்ணன் மக்கள் மலையாளத்தில் படித்தார்கள். தம்பி மக்கள் தமிழில் படித்தார்கள். இரு வீட்டிலும் அவிப்பது அதே மரச்சீனிக் கிழங்கு. நனைப்பது அதே இடவப்பாதி மழை. கோடு இவர்களுடைய குணத்தை மாற்றிற்றா என்று பார்த்தால், ஒரே வீட்டில் பிறந்த இரு பிள்ளைகளுக்குள் காணும் வேற்றுமை, கோட்டின் இரு புறத்தாருக்குள் காணும் வேற்றுமையினும் பெரிதாக இருக்கிறது. ஒருவன் வாய் திறவான். அவனோடு உடன்பிறந்தவன் வாய் மூடான்.

அங்ஙனமாயின் குணம் எங்கிருந்து வருகிறது? நம் திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரிப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கிய அதே 1979-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தாமஸ் பூஷார்டு என்னும் அறிஞர், குழந்தைப் பருவத்திலேயே பிரிக்கப்பட்டு வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையரைத் தேடிப் பிடித்து ஆராயத் தொடங்கினார். முதலில் அகப்பட்ட இருவர் நான்கு வாரக் குழந்தைகளாகப் பிரிந்து 39-ஆம் வயதில் சந்தித்தவர்கள். இருவர் பெயரும் ஜிம். இருவரும் முதலில் லிண்டா என்ற பெயருடைய பெண்ணையும், பின்பு பெட்டி என்ற பெயருடைய பெண்ணையும் மணந்தவர்கள். மனைவியின் பெயர் இரத்தத்தில் எழுதியிருக்க இயலாது. அதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் இத்தகைய இரட்டையரைப் பலராக வைத்து அளந்தபோது, மனிதர்க்குள் காணும் குண வேற்றுமையில் ஏறத்தாழப் பாதி பிறப்பிலேயே வருவது என்று தெரிந்தது. எஞ்சிய பாதி வளர்ப்பு என்று தந்தையர் மார்தட்டுவதற்கும் இடமில்லை. ஒரே கூரை, ஒரே சோறு, ஒரே பிரம்பு ஆகியவை பிள்ளைகளை ஒரே மாதிரி ஆக்குவதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே நேர்ந்தவையே பெரிதும் உருவாக்குகின்றன என்பர். ஆசிரியர் ஒருவர், நண்பன் ஒருவன், ஒரு காய்ச்சல், தந்தைக்கு வந்த ஒரு மாற்றல் உத்தரவு! ரயில்வே வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி வகைகள். நம் சித்த மருத்துவர் வாதம், பித்தம், கபம் என்று மூன்றாக வகுத்தனர். இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் மருத்துவம் செய்த காலென் நான்கு நீர்களைக் கொண்டு நான்கு குணம் பேசினார். 1921-இல் சுவிட்சர்லாந்தின் கார்ல் யுங் உள்முக நாட்டம், புறமுக நாட்டம் என்று பிரித்தார். 1936-இல் ஆல்போர்ட்டும் ஆட்பர்ட்டும் ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதரைக் குறிக்கும் சொற்களை எண்ணிப் பார்க்க, ஏறத்தாழப் 18,000 சொற்கள் தேறின. திட்டுவதற்கே எத்தனை சொல் என்று நமக்குத் தோன்றியது. அச்சொற்களைப் பின்வந்தோர் சலித்துச் சலித்து ஐந்து அளவைகளில் கொண்டு நிறுத்தினார்கள்: புதுமை நாட்டம், கடமையொழுங்கு, புறமுக நாட்டம், இணக்கம், மனக்கலக்கம். இதில் கவனிக்க வேண்டியது, இவை பெட்டிகளாக இல்லாமல் அளவைகளாக இருப்பதே. ரயிலில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று மக்களைப் பிரித்து ஏற்றுவது போன்றதன்று இது. பார்சல் ஆபீஸ் தராசில் நிறுப்பது போன்றது. எல்லோரிடமும் எல்லாம் இருக்கிறது, எடைதான் வேறு. பெரும்பாலோர் முள்ளின் நடுப்பகுதியிலேயே நிற்கிறோம்.

அந்த எடையும் இடத்துக்கு இடம் மாறித் தோன்றுகிறது. 1968-இல் வால்டர் மிஷல் என்பவர் எழுதிய நூல் இதைச் சுட்டி உளவியல் உலகில் பெரும் வழக்கை எழுப்பிற்று. ஆய்வாளர் வரும் நாளில் பூனையாயிருப்பவர் அன்று மாலையே வீட்டில் புலியாயிருக்கிறார். இரண்டில் எது அவர் குணம்? அவர் மனைவியைக் கேட்டால் ஒரு விடை வரும். மேலதிகாரியைக் கேட்டால் வேறு விடை வரும். இரண்டும் மெய்யே.

நிற்க. கோளாறு என்பது எங்கே தொடங்குகிறது? முன்பெல்லாம் ஆளுமைக் கோளாறுகளைப் பத்துக்கு மேற்பட்ட வகைகளாகப் பெயரிட்டு அடுக்கி வந்தார்கள். 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அவ்வகைகள் ஏறக்குறைய எல்லாம் நீக்கப்பட்டு, இலேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்னும் படிகள் வந்துவிட்டன. தன்னோடும் பிறரோடும் வாழ இயலாமல் ஒருவர் பல ஆண்டுகளாகத் துன்புறுகிறாரா, எவ்வளவு துன்புறுகிறார் என்பதே கேள்வி. முன்கோபியெல்லாம் நோயாளி ஆகார்.

பழைய பெயர்களில் ஒன்று மட்டும் புதிய பட்டியலிலும் தங்கிற்று: எல்லைக்கோட்டு ஆளுமை. மனக்கலக்கத்துக்கும் சித்தப்பிரமைக்கும் நடுவே நிற்பவர் என்னும் கருத்தில் 1938-இல் அடால்ப் ஸ்டெர்ன் என்னும் மருத்துவர் இச்சொல்லை ஒரு சார் நோயாளர்க்கு வழங்கினார். எல்லையில் குடியிருக்கும் நமக்கு இப்பெயரைக் கண்டதும் சிரிப்பு வந்தது. விவரம் படித்ததும் சிரிப்பு நின்றது. கைவிடப்படுவோம் என்னும் அச்சம் ஓயாது. காலையில் தெய்வமாகத் தோன்றியவர் மாலையில் பகைவராகத் தோன்றுவர். தம் உடலையே காயப்படுத்திக்கொள்வோரும் உண்டு. சுற்றத்தார் இதை "நாடகம்" என்று சொல்லி நகர்ந்துவிடுவர். மார்ஷா லினெஹன் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் இவர்களுக்கென ஒரு பயிற்சி முறையை வகுத்துப் பலரைத் தேற்றினார். இளமையில் தாமும் அவ்வாறே துன்புற்று மருத்துவமனையில் அடைபட்டிருந்ததை 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார்.

இளைஞர்கள் இவ்விடத்தில் 'அந்நியன்' படத்தை நினைப்பார்கள். ஒரே உடலில் பல ஆட்கள் வாழ்வது போன்ற நிலை மிகவும் அரிது. 2005-இல் அந்தப் படமும் 'சந்திரமுகி'யும் ஒருசேர வந்ததிலிருந்து மனநோய் என்றாலே குரலை மாற்றிப் பேசுவது என்று எண்ணிக்கொண்டோம். சந்திரமுகியின் மூலமான மலையாளப் படம், 1993-இல் வந்தது, நமக்கு அண்மையிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையிலும் எடுக்கப்பட்டது என்பது இங்குள்ளோர்க்குத் தெரியும். படம் நல்ல படமே, பாடமாகக் கொள்ளலாகாது.

இன்னொன்று. கோட்டுக்கு இப்பால் ஒருவனை ஏசுவதற்கு "ஊளம்பாறைக்கு அனுப்பு" என்பர். அப்பால் "கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பு" என்பர். நம் காலனியில் இரண்டும் வழங்குகின்றன. இரு மொழி அறிந்ததன் பயன்! ஊளம்பாறையிலுள்ளது 1870-இல் திருவிதாங்கூர் மன்னராட்சியில் தொடங்கிய மருத்துவமனை. சென்னைக் கீழ்ப்பாக்கத்திலுள்ளதும் அதைப் போன்ற பழமையான மருத்துவமனையே. இவ்விரு பெயர்களும் வசவாகிப் போனதால், அங்கே போக வேண்டியவர்கள் வேறெங்கெங்கோ போனார்கள். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் உயிரிழந்தனர். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர், தாயும் தந்தையுமே.

இனி நம் ரயில்வேயோடு தொடர்புடைய ஒரு வரலாறு. 1848 செப்டம்பர் 13. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்காகப் பாறை உடைக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரி பினியஸ் கேஜ், வயது 25. துளையில் வெடிமருந்தை இடிக்கும்போது அது வெடித்து, மூன்றரை அடிக்கு மேல் நீளமும் ஆறு கிலோ எடையும் உள்ள இரும்புக் கம்பி அவருடைய இடக் கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியே வெளியேறிற்று. சிறிது நேரத்தில் அவர் எழுந்து பேசினார், பிழைத்தார். ஆனால் நிதானமும் திறமையும் மிக்கவர் என்று பெயரெடுத்த அம்மேஸ்திரி, வாயில் வசவும் நிலையற்ற எண்ணமுமாகத் திரும்பி வந்தார். பழைய வேலையை அவருக்குத் தர முதலாளிகள் மறுத்தனர். நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதிக்கும் குணத்துக்கும் தொடர்புண்டு என்று உலகம் கற்றுக்கொண்டதில் அவர் கதைக்குப் பங்குண்டு. பலர் சொல்லாமல் விடும் பகுதி ஒன்றும் உளது: பின்னாளில் அவர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். நாள்தோறும் ஒழுங்காகச் செய்ய வேண்டிய வேலை அது. 1860-இல் இறந்தார்.

இப்போது நம் கடனைச் சொல்வோம். முன்பு நாம் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில் நம்மினும் மூத்தவர் ஒருவர் இருந்தார். ஊரும் பேரும் வேண்டா. சொல்வதற்கு அவரிடம் இசைவு பெற்றிருக்கிறோம். அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். அச்சடித்தாற் போன்ற கையெழுத்து. கல்லாவில் ஒரு ரூபாய் குறைந்ததில்லை. யாரையும் ஒருமையில் விளித்ததில்லை. ஐம்பதை எட்டும் வேளையில் அவர் மாறலானார். வரத் தாமதித்தார், கணக்கில் பிழை விட்டார், ஒரு முதிய பயணியை வாய்க்கு வந்தபடி ஏசினார், உடன் பணிபுரிந்தவர் வீட்டு இழவுக்கு வந்து சிரித்தார். குடி என்றார் ஒருவர். மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்த தலைக்கனம் என்றார் ஒருவர். செய்வினை என்றும் ஒருவர் சொன்னார். "அவன் குணமே இதுதான், இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தான்" என்று முடித்தோம். அவரை மாற்றக் கோரி ஐவர் கையொப்பமிட்ட மனு ஒன்று மேலிடத்துக்குப் போயிற்று. எழுதியது நம் கை. அவருக்கு ஓராண்டு ஊதிய உயர்வு நின்றது.

அவர் மனைவிக்கு மட்டும் ஓர் ஐயம். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, அடிப்பிடித்து, வீடெல்லாம் புகை நிறைந்தும், அருகிலேயே அமர்ந்திருந்த அவருக்கு நாற்றம் தெரியவில்லை. பார்வையும் மங்கவே, கண்ணாடி மாற்ற அழைத்துச் சென்றார். கண் மருத்துவர் உள்ளே பார்த்துவிட்டு, கண்ணாடி எழுதித் தராமல் தலையை ஸ்கேன் செய்ய அனுப்பினார். நெற்றிக்குப் பின்னே, மூக்கின் மேற்புறத்தில், எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. புற்று வகையன்று, பல ஆண்டுகளாக மெல்ல வளர்ந்தது. மணத்தை அறியும் நரம்பையும் நிதானத்தைக் காக்கும் மூளைப் பகுதியையும் ஒருங்கே அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் அறுவை செய்தார்கள். நான்கு மாதம் கழித்து வந்தவர், பெரும்பாலும் பழைய அண்ணாச்சியே.

எல்லாக் குண மாற்றத்துக்கும் கட்டி காரணமாகாது. தைராய்டு குறைவும் மனச்சோர்வும் மறதிநோயும் குடியும் காரணமாகலாம்; ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் நாற்பது ஆண்டு ஒரு நிலையில் இருந்த குணம் இரண்டாண்டில் புரண்டால், அது முதலில் மருத்துவர் பார்க்க வேண்டிய செய்தி. ஐயமிருப்போர் 14416 என்னும் டெலிமானஸ் எண்ணை அழைக்கலாம். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம், கட்டணமில்லை.

நின்ற ஊதிய உயர்வை மீட்க, மருத்துவச் சான்றுகளோடு ஒரு விண்ணப்பம் போயிற்று. அதையும் நாமே எழுதினோம். அது கைகூட மூன்றாண்டு ஆயிற்று. சென்ற ஆண்டு, அவர் ஓய்வு பெற்றபின், பாறசாலையிலிருந்து பேருந்தேறிக் கோட்டைக் கடந்து அவர் ஊருக்குச் சென்றோம். முற்றத்தில் தென்னங்கன்றுக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முதல் மனுவை எழுதியது யார் என்பதை அன்று சொன்னோம்.

"அப்படியா? எனக்கு நினைவில்லையே, தம்பி" என்று சிரித்தார்.

காப்பி கொண்டுவந்த மதினி சிரிக்கவில்லை. "அவருக்கு நினைவில்லை, தம்பி. எனக்கு இருக்கிறது. விசாரணைக்கு வந்த காகிதத்தை நானும் பார்த்தேன், கையெழுத்து யாருடையதென்று அன்றைக்கே தெரியும்" என்றார். பிறகு டம்ளரை நம் கையில் கொடுத்து, ஆறிப்போகுமுன் குடிக்கச் சொன்னார்.